சமதரை என்னும் முதற் கருவி

கொட்டகலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியராக இருக்கும் அன்பர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். பழைய சிறிய கார் ஒன்றை அண்மையில் வாங்கினாராம். முன்டயர்கள் இரண்டும் மொட்டையாகிக்கொண்டு வர, பின்டயர்கள் மட்டும் நல்ல நிலையில் இருக்கின்றனவாம். "டயர்களை முன்பின்னாக மாற்றிப் போட்டால் இன்னும் ஓராண்டு ஓட்டலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கராஜுக்குப் போகாமல் வீட்டிலேயே அதைச் செய்துகொள்ள என்னென்ன கருவிகள் வாங்க வேண்டும்? என் துணைவியாரோ, முதலில் கை கால் முழுதாக இருக்க வழி கேளுங்கள் என்கிறார்" என்று முடித்திருக்கிறார்.

அம்மையாரின் கேள்விக்கே முதல் விடை கூறுவோம். கருவிகளின் பட்டியலில் முதலாவது எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. அது சமதரை. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவர்கள் இதைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை. வாசலில் இறங்கினால் சமதரைதான். மலைநாட்டில் அப்படியா? லயத்துக்குப் பின்னால் மண்மேடு, முன்னால் பள்ளம், நடுவே ஒரு பாதை. அந்தப் பாதையும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பட்டணத்து வீடுகள்கூடப் படிக்கட்டில் அடுக்கிய பாத்திரங்களைப் போலத்தான் நிற்கின்றன. ஒரு டன் எடையுள்ள பொருளை ஒரு சிறு இரும்புக் காலின் மேல் தூக்கி நிறுத்தப் போகிறோம். தரை சற்றே சாய்ந்தாலும் அந்தக் கால் சாயும், அதன் மேல் இருப்பது உருளும். ஆகவே தொழிற்சாலை முற்றமோ (தோட்டத்தார் வாயில் அது 'ஸ்டோர்' முற்றம்), பாடசாலையின் சீமெந்துத் தளமோ, கோயில் முன்றிலோ, உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு அங்கே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் முதல் வேலை.

தரை சமமாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மலையில் பிறந்து வளர்ந்த கண்ணுக்குச் சிறு சரிவெல்லாம் சமதரையாகவே தோன்றும். புது வண்டிக்குப் பூசை போடும்போது சில்லின் கீழ் வைத்து நசுக்குவோமே, அதே எலுமிச்சம்பழத்தைச் சீமெந்துத் தரையில் வைத்துப் பாருங்கள். உருண்டால் இடம் ஆகாது. இதைவிட உறுதியான சோதனையும் உண்டு. வண்டியை நியூட்ரலில் போட்டு, பிரேக்கிலிருந்து காலை மெல்ல எடுக்க வேண்டும். அது அசையாமல் நின்றால் அங்கே வேலை செய்யலாம்.

இனி, முன்டயர்கள் ஏன் விரைவில் தேய்கின்றன என்பது. இன்று நம் பாதைகளில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றில் இயந்திரம் முன்னே இருக்கிறது. அது சுழற்றுவதும் முன்சில்லுகளையே. வண்டியின் எடையில் ஏறக்குறைய 60 வீதம் முன்சில்லுகளின் மேல் இருக்கிறது. இழுப்பதும் அவையே, திரும்புவதும் அவையே, பிரேக் பிடிக்கும்போது பெரும் பங்கைத் தாங்குவதும் அவையே. பின்சில்லுகள் மாப்பிள்ளை வீட்டாரைப் போலக் கூட வருகின்றன, அவ்வளவுதான். இதிலே நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகவோ, ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாகவோ இறங்குகிறவனின் நிலையை எண்ணிப் பாருங்கள். இறக்கத்தில் வண்டியின் பாரம் முன்னே சரிகிறது. கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு டயரின் தோள்பகுதி தாரில் உராய்கிறது. கீழ்க் கியரில் இறங்கினாலும், இயந்திரம் வண்டியைப் பிடித்து நிறுத்துவது அதே முன்டயர்கள் மூலமாகத்தான். சமவெளியில் ஓடும் வண்டியைவிட மலைவண்டியின் முன்டயர்கள் முந்தித் தேய்வதில் வியப்பில்லை.

பழைய மொரிஸ் மைனர் வைத்திருப்போர் இதை மறுப்பார்கள். அவர்களுடைய வண்டியைத் தள்ளுவது பின்சில்லு. ஏற்றத்தில் தேய்வதும் அதுவே. எப்படியாயினும் நான்கும் ஒரே சீராகத் தேய்வதில்லை. ஆகவே 8,000 முதல் 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை இடம் மாற்றுகிறோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. அந்த ஐந்தாண்டுகளில் பழைய வண்டியையும் பழைய டயரையும் பேணுவது எத்தகைய கலை என்பதை நம்மில் பலர் கற்றுக்கொண்டோம்.

ஆனால் ஆசிரியர் அன்பரிடம் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் கேட்கும் வேலையை அவருடைய வண்டிக்கு இப்போது செய்யலாகாது. இடம் மாற்றுவது தேய்மானம் சமமாக இருப்பதற்கான முறையே தவிர, மொட்டை டயரைப் பிழைக்க வைக்கும் வைத்தியம் அன்று. மொட்டை டயரைப் பின்னே போட்டால் நேர்வது என்ன? மழையில் முன்டயர் வழுக்கினால் வண்டி திரும்ப மறுத்து நேரே போகப் பார்க்கும். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் கைக்கு அடங்கிவிடும். பின்டயர் வழுக்கினாலோ வாலே தலையை முந்தப் பார்க்கும். வண்டி சுழலும். வளைவின் வெளிப்புறத்தில் தேயிலைச் சரிவைத் தவிர வேறொன்றும் இல்லாத பாதையில் அதற்கு மறுவாய்ப்புக் கிடையாது. நல்ல டயர் பின்னே இருக்க வேண்டும் என்று டயர் செய்வோர் வற்புறுத்துவது இதனால்தான்.

டயரின் பள்ளங்களுக்குள் ஆங்காங்கே சிறு குறுக்கு வரப்புகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீற்றர். டயரின் மேற்பரப்புத் தேய்ந்து அந்த வரப்போடு ஒன்றாகிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. நம் மலை மழைக்கு 3 மில்லிமீற்றர் இருக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது என்பது நமது கருத்து. அன்பர் செய்ய வேண்டியது இதுதான்: இரண்டு புதிய டயர்கள் வாங்கிப் பின்னே போட்டு, இப்போது பின்னே இருக்கும் நல்லவற்றை முன்னே கொண்டுவருவது. செலவுதான், மறுக்கவில்லை. அதன் பின் ஒழுங்காக இடம் மாற்றி வந்தால் அடுத்த முறை நான்கும் சேர்ந்து முதுமை அடையும்.

கருவிகளுக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, மருத்துவரைப் பார்க்க வேண்டிய தாயாரைப் பின்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். சென்கிளயார் நீர்வீழ்ச்சியைக் கடந்து சற்றுத் தூரம் போனதும் இடது பின்சில்லில் காற்று இறங்கிவிட்டது. மழை. வண்டியோடு வந்த ஸ்பேனரை நட்டில் மாட்டி அழுத்தினோம், அசையவில்லை. ஏறி நின்றோம், அசையவில்லை. குதித்தோம். ஸ்பேனர் நழுவி நட்டின் மூலையை மழித்து, நமது முழங்காலின் கீழும் ஒரு சாண் தோலை மழித்துவிட்டது. முந்திய வாரம் ஒரு கராஜில் காற்றுத் துப்பாக்கியால் 'டர்ர்' என்று முறுக்கி விட்டிருந்தார்கள். அந்த ஓசையைக் கேட்டு நாமும் மகிழ்ந்திருந்தோம். முக்கால் மணி நேரம் கழித்துக் கொழுந்து லொறி ஒன்று வந்தது. சாரதி இறங்கிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. இருக்கைக்கு அடியிலிருந்து மூன்றடி நீளமுள்ள இரும்புக் குழாய் ஒன்றை எடுத்து, நமது ஸ்பேனரின் பிடியில் செருகி, இரண்டு விரல் கனத்தில் அழுத்தினார். 'டிக்' என்றது. கம்பளிக்குள் இருந்த தாயார், "அந்தக் குழாயை வாங்கிக்கொள்" என்றார். அன்று முதல் ஒரு குழாய் நமது வண்டியிலும் கிடக்கிறது. அது கழற்றுவதற்கு மட்டும். முறுக்குவதற்கு அதைத் தொடலாகாது.

முறுக்கும் அளவு என்ன என்று கேட்பீர்கள். சிறிய கார்களுக்கு 80 முதல் 110 நியூட்டன் மீற்றர் வரை இருக்கும். உமது வண்டியின் கைநூலில் சரியான எண் இருக்கிறது. அதை அளந்து முறுக்கும் 'டோர்க் ரெஞ்ச்' என்ற கருவி கிடைக்கிறது, வசதியுள்ளோர் வாங்கலாம். இல்லாதோருக்கு ஒரு கணக்குச் சொல்கிறோம். 40 சென்ரிமீற்றர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 25 கிலோ கனம் அழுத்தினால் ஏறக்குறைய 100 நியூட்டன் மீற்றர் ஆகிறது. கொழுந்து மூட்டை தூக்கிப் பழகிய கைகளுக்கு 25 கிலோ எவ்வளவு என்று நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. ஐயமிருந்தால் கொக்கி உள்ள வில்தராசு ஒன்றைப் பிடியின் நுனியில் மாட்டி இழுத்துப் பாருங்கள். 65 கிலோ எடையுள்ள ஒருவர் ஸ்பேனரின் மேல் ஏறி நின்றால் 250 ஆகிவிடும். அது முறுக்கல்ல, ஆணியை முறிக்கும் வேலை.

ஜாக்கி அடுத்தது. வண்டியோடு வரும் கத்தரி ஜாக்கி வழியில் ஒரு சில்லை மாற்றுவதற்குப் போதும். வீட்டில் ஒரு பகல் வேலைக்குப் போத்தல் ஜாக்கியோ, சில்லு வைத்த ட்ரொலி ஜாக்கியோ நலம். எதுவாயினும் அதன் தலை வண்டியின் அடியில் எங்கே படுகிறது என்பதைக் குனிந்து பார்க்க வேண்டும். கதவின் கீழ் விளிம்பில் அதற்கென்று இடம் குறித்திருப்பார்கள். மலைநாட்டு ஈரத்தில் அந்த விளிம்பே துருப்பிடித்துப் போன பழைய வண்டிகளை நாம் கண்டதுண்டு. அங்கே தூக்கினால் ஜாக்கி உள்ளே போகும், வண்டி மேலே வராது. அத்தகைய வண்டியை வீட்டில் தூக்குவதை விட்டு முதலில் வெல்டிங் செய்பவரிடம் கொண்டு போவதே சரி. மண்தரையானால் ஜாக்கிக்கு அடியில் ஓரடிச் சதுரமான தடித்த பலகை வேண்டும். நேற்றைய மழையை இன்றைய வெயில் மறைத்திருக்கும், மண் மறந்திருக்காது.

சில்லுக்கு அடைகொடுக்கும் கட்டைகள் இரண்டு வேண்டும். வழியில் கிடக்கும் உருண்டைக் கல்லை உதைத்து வைப்பதே நம்மவர் வழக்கம். உருண்டைக் கல் உருளும். செங்கல் நொறுங்கும். நாலங்குலக் கனமுள்ள மரத்துண்டு ஒன்றைத் தச்சரிடம் கொடுத்து மூலைக்கு மூலை சரிவாக அறுக்கச் சொன்னால் இரண்டு நல்ல ஆப்புகள் கிடைத்துவிடும். ஹாண்ட்பிரேக் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். பெரும்பாலான கார்களில் அது பின்சில்லுகளை மட்டுமே பிடிக்கிறது. பின்சில்லு ஒன்றைத் தூக்கியவுடன் அதன் பாதி பலம் அந்தரத்தில் போய்விடும். கியரில் போட்டிருக்கிறோமே என்றால், அதிலும் ஒரு பொறி உண்டு. இயந்திரம் சுழற்றும் இரு சில்லுகளில் ஒன்று தரையை விட்டு எழுந்ததும், இடையில் உள்ள டிபரன்ஷியல் மற்றதைத் தன் பாட்டுக்கு உருள விட்டுவிடும். ஓட்டோமற்றிக் வண்டியின் 'பி' என்ற நிலைக்கும் இதே கதைதான். ஹாண்ட்பிரேக்கும் இழுத்து, கியரிலும் போட்டு, தூக்கும் மூலைக்கு எதிர்க்கோடியில் உள்ள சில்லுக்கு முன்னும் பின்னும் ஆப்பும் வைத்தால்தான் நமக்கு நிம்மதி.

வண்டியைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டுகள் நான்கு வாங்கும்படி நூல்கள் கூறும். வாங்கினால் நல்லதே. ஆனால் ஒரே ஒரு ஜாக்கியையும் மாற்றுச் சில்லையும் வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு சில்லுக்கு மேல் தரையை விட்டு எழாமல் முழு வேலையையும் முடிக்க ஒரு வழி இருக்கிறது. முன்சில்லு இழுக்கும் வண்டிக்கு விதி இது: முன்னவை நேராகப் பின்னே போகும், பின்னவை பக்கம் மாறி முன்னே வரும். முதலில் முன்இடதைக் கழற்றி, அங்கே மாற்றுச் சில்லைப் போடுங்கள். கழற்றியதைப் பின்இடதில் போடுங்கள். பின்இடதில் இருந்ததை முன்வலதில் போடுங்கள். முன்வலதில் இருந்தது பின்வலதுக்குப் போகும். கடைசியாகப் பின்வலதில் இருந்தது, மாற்றுச் சில்லை வெளியேற்றிவிட்டு முன்இடதில் அமரும். ஐந்து தடவை தூக்க வேண்டும். மாற்றுச் சில்லும் அதே அளவுள்ள நல்ல சில்லானால் நான்கோடு நிறுத்திக்கொள்ளலாம். மாற்றுச் சில்லும் சுற்றில் சேர்ந்துவிடும். இப்போதைய கார்கள் சிலவற்றில் வரும் மெல்லிய தற்காலிகச் சில்லை நிற்கும் வண்டிக்கு முட்டுக்கொடுக்க மட்டும் வையுங்கள். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். பின்சில்லு தள்ளும் வண்டிக்கு இதைத் திருப்பிப் போட வேண்டும்: பின்னவை நேராக முன்னே, முன்னவை பக்கம் மாறிப் பின்னே.

இந்த மாற்றுச் சில்லைத் தமிழகத்தார் 'ஸ்டெப்னி' என்பது நேயர்களில் பலருக்குத் தெரியும். வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊரின் ஸ்டெப்னி வீதியில் டேவிஸ் சகோதரர் இருவர் 1904இல் மாற்றுச் சில்லுச் செய்து விற்றார்கள். வீதியின் பெயர் கடல் கடந்து தமிழ்ச் சொல்லாகிவிட்டது. அந்த வீதியில் இருப்பவர்களுக்கு இது தெரியுமோ என்னவோ.

பக்கம் மாற்றுவதற்கு முன் டயரின் பக்கச் சுவரைப் பாருங்கள். சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால் பக்கம் மாற்றலாகாது. அதே பக்கத்தில் முன்பின்னாக மட்டும் மாற்றலாம். முன்னும் பின்னும் வெவ்வேறு அளவானால் இந்த வேலைக்கே இடமில்லை. 1946இல் பிரான்சின் மிஷெலின் நிறுவனம் காப்புரிமை பெற்ற ரேடியல் டயர்கள் பரவிய காலத்தில், அவற்றைப் பக்கம் மாற்றவே கூடாது என்றார்கள். மூத்த மெக்கானிக்குகள் சிலர் இன்றும் அதையே சொல்வார்கள். அம்புக்குறி இல்லாத இன்றைய ரேடியலுக்கு அந்தத் தடை இல்லை.

வேலையின் போது மறக்கலாகாத சில. சில்லு தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்த வேண்டும். தூக்கிய பின் குழாய் போட்டு உலுக்கினால் வண்டி ஜாக்கியிலிருந்து இறங்கி உமது மடியில் உட்காரும். கழற்றிய சில்லைப் படுக்க வைத்து வண்டியின் விளிம்புக்கு அடியில் தள்ளிவிடுங்கள். ஜாக்கி கைவிட்டாலும் அது தாங்கும். எந்நிலையிலும் வண்டிக்கு அடியில் தலையோ கையோ போகக் கூடாது. குழந்தைகளை அன்று பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடலாம். நட்டெல்லாம் கழன்றும் சில்லு வராமல் ஒட்டிக்கொண்டிருப்பது நம் ஈர மலைகளில் அன்றாடக் காட்சி. துருதான் காரணம். நட்டுகளை இரண்டு சுற்று மாட்டி விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் ஓரடி நகர்த்தினால் பிடி விட்டுவிடும். பிறகு கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தெடுங்கள். ஆணியின் மரைக்குக் கிரீஸ் பூச வேண்டாம். பூசினால் முறுக்கின் கணக்குத் தப்பும். நட்டின் கூம்பிய பக்கம் சில்லை நோக்கியிருக்க, ஒன்றுக்கு எதிரே மற்றது என்ற முறையில் கையால் பூட்டி, தரையில் இறக்கிய பிறகு கடைசி முறுக்கு. பழைய டொட்ஜ் வண்டி வைத்திருக்கும் பாக்கியவான் எவரேனும் இருந்தால், அதன் இடப்பக்க நட்டுகள் எதிர்த்திசையில் கழலும் என்பதை நினைவில் கொள்க. தெரியாமல் ஆணியை முறித்தவர்கள் உண்டு.

முச்சக்கர வண்டிக்காரருக்கு இவ்வளவு தொல்லை இல்லை. மூன்றும் மாற்றுச் சில்லும் ஒரே அளவு. பின்னவை தேயத் தேய முன்னதையும் மாற்றுச் சில்லையும் சுற்றில் விடலாம்.

கடைசியாகக் காற்று. முன்னுக்கும் பின்னுக்கும் வெவ்வேறு அளவு குறித்திருந்தால் இடம் மாறிய டயர்களுக்கு அளவையும் மாற்ற வேண்டும். ஒரு சிறு காற்றழுத்தமானியும் கால்பம்பும் போதும். இங்கே மலைநாட்டு அன்பர்கள் அடிக்கடி கேட்கும் ஐயம் ஒன்று உண்டு: கொழும்பில் அடித்த காற்று நுவரெலியாவில் சரியாக இருக்குமா? கணக்குப் போட்டுப் பார்த்தோம். கொழும்பில் 30 பாகை வெயிலில் 32 இறாத்தல் அடிக்கிறீர்கள். நுவரெலியாவில் மறுநாட் காலை 12 பாகைக் குளிர். உள்ளே காற்று ஒடுங்குவதால் ஏறக்குறைய மூன்று இறாத்தல் குறைகிறது. ஆனால் 1,868 மீற்றர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் கடல் மட்டத்து 14.7 இறாத்தலிலிருந்து 11.7 அளவுக்கு இறங்கிவிடுகிறது. மானி காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாட்டை அல்லவா? குளிர் எடுத்த மூன்றை உயரம் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மானி 32ஐ ஒட்டியே நிற்கும். மலை ஏறுமுன் காற்றைக் குறைத்துக்கொள்ளும் வழக்கமுடையோர் அதைக் கைவிடலாம். ஆயினும் அளப்பது எப்போதும் வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது.

50 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பின் நட்டுகளை மறுபடியும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். மாற்றிய திகதியையும் அன்றைய கிலோமீற்றர் எண்ணையும் எங்கேனும் குறித்து வைக்க வேண்டும். நாம் சாமி அறைக் கதவின் உட்புறத்தில், பால் கணக்குக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறோம். கொட்டகலை அம்மையார் ஆப்பு வைக்கும் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டு, அவர் சரி என்று சொன்ன பிறகே அன்பர் ஜாக்கியைத் தொடுவதென்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளட்டும்.